கண்டிகோட்டாவுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிப்பவர்களுக்கு

கண்டிகோட்டா என்று இணையத்தில் தேடி, வருகிற படங்களை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். அதே பாறை விளிம்பு. அதே ஆற்று வளைவு. விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அதே நண்பர். பாறையெல்லாம் தந்தூரி சிக்கன் நிறம். வானம் பேனா மை நீலம். கீழே "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று ஒரு வரி. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் "பாலைவனத்தில் ஒரு மாலை" என்று கவிதை வேறு எழுதிவிடுகிறார்கள்.

நவம்பர் கடைசியில் எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பேர் போனோம். சிறுசேரியிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேருவதே தனிப் பயணம். அங்கிருந்து இரவு ரயிலில் கடப்பா, பிறகு ஜம்மலமடுகு வரை பஸ், கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ. ஏழு பேரும் ஒரே இடத்தில் நின்றோம், ஒரே வெயிலைப் பார்த்தோம். திரும்பி வந்து ஒரு வாரத்தில் ஆறு பேர் அரிசோனா படம் போட்டிருந்தார்கள். யார் யார் என்று சொல்லப் போவதில்லை. உங்களுக்கே தெரியும் :-)

எடிட் செய்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் எடிட் செய்கிறவன்தான். பழைய தமிழ்ப் புகைப்படப் பதிவுகளில் பிற்தயாரிப்பு என்று அழகாக ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதைச் செய்யாமல் படமே இல்லை. என் சண்டை வேறு. நீங்கள் செய்த எடிட்டெல்லாம் அந்த ஊரை நோக்கிப் போகவில்லை, வேறொரு ஊரை நோக்கிப் போயிருக்கிறது.

அந்த ஊர் எது, பார்ப்போம். தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு, கோட்டா என்றால் கோட்டை. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணாறு போகிற இடுக்கு, அதன் விளிம்பில் கோட்டை. கேன்யன் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ சொல் கண்டுபிடித்து, ஊருக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். நாம் போய் "கிராண்ட் கேன்யன்" என்று ஒட்டுப் போடுகிறோம். கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கண்டிகோட்டா ஆழம் ஏறக்குறைய 300 அடி. இந்த ஒப்பீட்டில் தோற்கப் போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்கிற போட்டிக்கு எதற்கு அந்தப் பாவப்பட்ட மலையிடுக்கை அனுப்புகிறீர்கள்?

இன்னொன்று. அது பாலைவனமே இல்லை. ராயலசீமா மழை குறைந்த வறண்ட சீமை, சரி. ஆனால் நாங்கள் போனது மழை முடிந்த நேரம். பாறை இடுக்குகளில் புல், மேட்டில் முட்செடி, வழியெல்லாம் வயல். எங்கள் ரா ஃபைல்களில் பச்சை கொட்டிக் கிடந்தது. அந்தப் பச்சை எங்கே போனது? லைட்ரூமில் பச்சைக்கு என்று தனியாக ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை மஞ்சள் பக்கம் இழுத்தால் புல்லெல்லாம் காய்ந்துவிடும். மஞ்சளை ஆரஞ்சுப் பக்கம் இழுத்தால் வைக்கோலும் மண்ணாகிவிடும். இரண்டு இழுப்பில் நவம்பர் மாதம் மே மாதம் ஆகிவிட்டது. பெய்த மழையைப் படத்திலிருந்து துடைத்து எடுத்துவிட்டீர்கள். அந்த ஊரில் மழை என்றால் என்னவென்று ஒரு விவசாயியிடம் கேட்டுவிட்டு வந்து அந்த ஸ்லைடரைத் தொட்டிருக்கலாம்.

நமக்குப் பாலை என்பது தெரியாத விஷயமா என்ன? சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இளங்கோ பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வளம் கெட்டு எடுக்கும் வடிவம்தான் பாலை என்கிறார். அதாவது பாலை ஒரு இடம் இல்லை, ஒரு காலம். இதை ஒரு புகைப்படக்காரர் படித்தால் துள்ளிக் குதிக்க வேண்டும். பாலையைப் படமெடுக்க ஆசையா? ஏப்ரல் மாதம் போய், நடுவெயிலில் நின்று, உதடு வெடித்துக்கொண்டு எடு. நவம்பரில் போய்விட்டு ஏசி அறையில் உட்கார்ந்து கோடையைத் தயாரிக்காதே.

இனி கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி. பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடலாம்.

அந்தப் பாறை கிரானைட் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இல்லை. அது குவார்ட்சைட், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணற்படிவு இறுகிப் பாறையானது. அந்தப் பாறை அடுக்குக்கு புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கண்டிகோட்டா குவார்ட்சைட். படிவாக உண்டானதால்தான் அடுக்கடுக்காக, செங்கல் செங்கலாக உடைந்து நிற்கிறது. அதன் நிறமும் ஒன்று இல்லை. புதிதாக உடைந்த முகம் வெளிறிய ரோஸ். வெயில் மழை பட்ட முகம் பழுப்பு. சாம்பல் நிறத்தில் பாசி போன்ற திட்டுகள். இதுதான் அந்த இடத்தின் முழு சுவாரசியமும். சாச்சுரேஷனை முழுக்க ஏற்றினால் என்ன ஆகும்? சிவப்பு சேனல் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். முட்டிய இடத்தில் ரோஸும் பழுப்பும் ஒரே எண். அடுக்குக்கும் அடுக்குக்கும் வித்தியாசம் இல்லை. 14 பிட் ரா ஃபைல் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள் வரை கொடுக்கிறது. அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஆரஞ்சுக் குழம்பாக்கினால் அந்த கேமராவுக்கு எதற்கு அவ்வளவு பணம்?

நிழல் விஷயம் இன்னும் மோசம். காலையில் ஒரு பக்கச் சுவரில் வெயில் இருக்கும், மறுபக்கம் நிழல். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் வருவது சூரியனிடமிருந்து இல்லை, நீல வானத்திடமிருந்து. கூடவே எதிர்ச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும். அதனால் நிழலில் கொஞ்சம் நீலமும் கொஞ்சம் சிவப்பும் கலந்து, பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம் நிற்கும். படம் முழுவதற்கும் ஒயிட் பேலன்ஸை வெதுவெதுப்பாக இழுத்தால் முதலில் சாவது அந்த நிறம்தான். அதன் மேல் எச்டிஆர் வேறு. நிழல் எல்லாவற்றையும் தூக்கி, வெயில் எல்லாவற்றையும் அமுக்கினால் விடியற்காலையா நடுப்பகலா என்றே தெரியாது. மேட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் மட்டும் மிஞ்சும், சாமி படத்தில் இருப்பது போல.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் கையைத் தூக்குவார். "அன்செல் ஆடம்ஸே இருட்டறையில் ஆயிரம் வேலை செய்தவர்தானே?"

செய்தார். 1927ல் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். நேரில் உணர்ந்த கனம் அதில் வராது என்று தோன்றவே, கையிலிருந்த கடைசிப் பிளேட்டில் ஆழ்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. 1941ல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படத்தைப் பல ஆண்டுகள் பிரின்ட் போட்டுக்கொண்டே இருந்தார். போகப் போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே போனார். நெகடிவ் இசைக்குறிப்பு மாதிரி, பிரின்ட் கச்சேரி மாதிரி என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் கச்சேரி செய்பவர் அதே ராகத்தைத்தானே பாட வேண்டும்? ஆடம்ஸ் தன் முன்னால் இருந்த பாறையின் கனத்தைக் காட்ட வானத்தை இருட்டாக்கினார். ஹாஃப் டோமை இமயமலை ஆக்கவில்லை. அவருடைய ஒவ்வொரு கைவேலையும் அவர் எதிரே நின்ற பொருளிலிருந்து பிறந்தது. நம் பிரீசெட்டுகள் எங்கே பிறந்தன? யாரோ எங்கோ வேறு பாறைக்குச் செய்து, விற்பதற்கு வைத்தது. அதைக் கண்டிகோட்டாவுக்கும் போடுகிறோம், மெரினாவுக்கும் போடுகிறோம், ஹாஸ்டல் மொட்டை மாடிக்கும் போடுகிறோம்.

அதற்காக எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். "நோ எடிட், நோ ஃபில்டர்" என்று நெற்றியில் திருநீறு மாதிரி பூசிக்கொண்டு திரிகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் இன்னும் பெரிய ஏமாளிகள். கேமரா சென்சாரில் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் அளக்கிறது. மீதி இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பியது. போனில் எடுத்தாலோ, ஒரு படம் என்று நீங்கள் நினைப்பது பல படங்களின் கலவை. ஆகவே "எடிட் செய்யாத படம்" என்றால், நீங்கள் செய்யாமல் ஏதோ ஒரு கம்பெனியின் எஞ்சினியர் செய்த படம் என்று பொருள். 2023ல் சாம்சங் போன் நிலவைப் படமெடுக்கிற விவகாரம் ஞாபகம் இருக்கும். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் காட்டினாலும் போன் பள்ளம் மேடெல்லாம் போட்டுக் கொடுத்தது. நோ எடிட் என்று அதையும் போடுவீர்களா?

நிறத்தை விடுங்கள். அதைவிடப் பெரிய எடிட்டை நாம் ஷட்டர் அமுக்குவதற்கு முன்பே செய்துவிடுகிறோம். சட்டகத்துக்குள் எதை விடுவது, எதைத் தள்ளுவது என்பது.

கண்டிகோட்டாவில் எல்லோரும் வைட் லென்ஸை மாட்டுகிறார்கள். பெரிய இடம், ஆகவே அகல லென்ஸ் என்ற கணக்கு. ஆனால் வைட் லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, எதிர்ச் சுவரைத் தீப்பெட்டி உயரத்துக்குச் சுருக்கிவிடும். ஆழம் போச்சு. போன ஆழத்தைச் சரிக்கட்டத்தான் காண்ட்ராஸ்ட், ஆரஞ்சு, மாற்று வானம் எல்லாம். மாறாக 85, 100 மில்லிமீட்டர் லென்ஸில் எதிர்ச் சுவரில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, கீழே தண்ணீர் ஓரத்தில் ஒரு ஆட்டையோ ஆளையோ சின்னப் புள்ளியாக விட்டுப் பாருங்கள். 300 அடி என்றால் என்னவென்று வயிற்றில் தெரியும்.

ஆளை விட மாட்டோம், அதுதான் சிக்கல். விளிம்பில் உட்கார்ந்த நம் நண்பரை விட்டால் படத்தில் வேறு மனுஷர் கூடாது. கோட்டைக்குள் ஒரு கிராமமே இருக்கிறது. ஜாமியா மசூதி, மாதவராயர் கோயில், பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் இருக்கிறது. 1652ல் தாவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி மீர் ஜும்லாவைப் பார்க்க இங்கே வந்து போயிருக்கிறார். அவ்வளவு நடமாட்டம் உள்ள இடம், நம் படத்தில் மனிதக் கால் படாத வனாந்தரம்.

ஆற்றுக்கும் இதே கதி. இடுக்குக்கு மேல்பக்கம் கண்டிகோட்டா அணை, கீழ்ப்பக்கம் மைலவரம் அணை. நீங்கள் "கன்னித்தன்மை மாறாத இயற்கை" என்று எழுதிய அந்தத் தண்ணீர் இரண்டு அணைக்கு நடுவே நிற்கிறது. மேலே உள்ள அணைக்கு ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் தேங்குவதற்காகக் கொண்டாபுரம் வட்டாரத்தில் கிராமங்கள் மூழ்கின. 2020ல் நீர்மட்டம் ஏற ஏற தாள்ள புரொத்துட்டூர்க்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ராயலசீமாவுக்குத் தண்ணீர் தேவை, அணை கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நமக்கும் இதில் பங்கு உண்டு. பெண்ணாறு கீழே சோமசிலாவில் தேங்குகிறது, அங்கிருந்து கண்டலேறு, அங்கிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாயில் பூண்டிக்கு, பூண்டியிலிருந்து சென்னைக் குழாய்க்கு. ஆனால் இத்தனையும் நடந்த ஓர் இடத்தை "யாரும் அறியாத பாலைவனம்" என்று காட்டுவது அழகுணர்ச்சி ஆகாது.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனுக்கு மேல்பக்கம் கிளென் கேன்யன் என்று ஒன்று. அங்கே அணை கட்டி 1963ல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். மூழ்கப் போகிற கேன்யனை எலியட் போர்ட்டர் என்பவர் அதற்கு முன்பே வண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். சியரா கிளப் அதே ஆண்டு அதைப் புத்தகமாகப் போட்டது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வானமே கிடையாது. விளிம்பில் நின்று எடுத்த பிரமாண்டம் கிடையாது. உள்ளே இறங்கி, தெறித்து வருகிற வெளிச்சம் பாறையில் என்ன நிறம் காட்டுகிறதோ அதை, ஈரக் கறையை, செடியை எடுத்திருக்கிறார். நிறம் அடர்த்திதான், ஆனால் அந்த இடத்தின் நிறம். ஒரே ஒரு குறை, புத்தகத்துக்கு "யாரும் அறியாத இடம்" என்று பொருள்படத் தலைப்பு வைத்துவிட்டார்கள். நவஹோ மக்களுக்கு அது நன்றாகத் தெரிந்த இடம். படத்தில் ஆள் இல்லை என்றால் தலைப்பிலும் ஆள் காணாமல் போய்விடுகிறார்!

ஆளில்லாத படம் சும்மா இருப்பதில்லை என்பதற்குத் தூரம் போக வேண்டாம். நம் ஓஎம்ஆர் ரோட்டில் வடக்கே போனால் பள்ளிக்கரணை. அந்தச் சதுப்பு நிலத்தை ஏடுகளில் தரிசு என்று எழுதி வைத்தார்கள். தரிசு என்று எழுதிய பிறகு குப்பை கொட்டவும் கட்டடம் கட்டவும் யாருக்கும் கை நடுங்கவில்லை. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நிலத்தை வெறுமையாகக் காட்டுவது ஒரு கருத்து. ஆயிரம் பேர் அதையே காட்டினால் அது பொதுக் கருத்து. அங்கே அடுத்து என்ன வந்தாலும், "அங்கேதான் ஒன்றுமே இல்லையே, படத்தில் பார்த்தோமே" என்று சொல்ல வசதி.

"ஏம்ப்பா, ரசித்துவிட்டுப் போவதற்கு ஒரு படம் போட்டால் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று என் அறைத் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓவியம் என்று போடு, நான் வாயே திறக்க மாட்டேன். ஊர் பெயர், மாவட்டம், தேதி எல்லாம் போட்டுவிட்டு வேறு ஊரைக் காட்டுவதுதான் இடிக்கிறது. சில மாதம் முன்பு ஒரு கல்லூரி விழாவில் (பெயர் வேண்டாம்) இயற்கைக் காட்சிப் போட்டி. முதல் பரிசு வாங்கிய படத்தில் சூரியன் இடப்பக்கம் மறைகிறது, பாறை நிழலும் இடப்பக்கம் விழுகிறது. நிழல் வலப்பக்கம் அல்லவா விழ வேண்டும்! ஃபோட்டோஷாப்பில் 2020லிருந்தே வானம் மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது, ஒரே சொடுக்கு. நடுவர்களிடம் நிழலைக் காட்டினேன். "ஆனா நல்லா இருக்குல்ல தம்பி" என்றார்கள். விடிய விடிய குளிரில் காத்திருந்து நிஜ மேகத்தை எடுத்த பெண்ணுக்கு ஆறுதல் பரிசு.

சிறுசேரியிலிருந்து மாமல்லபுரம் ஒரு பஸ் தூரம்தான். அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரும்பாறையை அடுத்த முறை வெண்ணெய் உருண்டைக்கு முட்டுக் கொடுத்து போஸ் கொடுத்த கையோடு கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பாறைகள், நடுவே இயற்கையாக ஒரு பிளவு. செதுக்குவதற்கு முன் பார்த்தால் அது ஒரு குறை. அடைத்திருக்கலாம், வேறு பாறை தேடியிருக்கலாம். பல்லவர் காலத்துச் சிற்பி அந்தப் பிளவையே ஆறாக்கிவிட்டார். அதில் நாகர்களை ஏறவிட்டு, இரண்டு கரையிலும் இருக்கிற அத்தனை உயிர்களையும் அதை நோக்கித் திருப்பிவிட்டார். இதைவிடப் பெரிய எடிட் உண்டா? ஒரு மலையையே மாற்றியிருக்கிறார். ஆனால் பாறை என்ன கொடுத்ததோ அங்கிருந்து தொடங்கியிருக்கிறார். நான் கேட்பது இவ்வளவுதான்.

என் கண்டிகோட்டா படங்களில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டார்க்டேபிளில்தான் செய்தேன், இலவசம். ஒயிட் பேலன்ஸை வெயில் பட்ட பாறைக்கு வைத்து, நிழல் பக்கம் நீலமாகவே இருக்கட்டும் என்று விட்டேன். நிழலை ஒரு ஸ்டாப் தூக்கினேன், அதற்கு மேல் இல்லை, ஏனென்றால் அங்கே கண்ணுக்கே அவ்வளவுதான் தெரிந்தது. சாச்சுரேஷனைத் தொடவில்லை, அடுக்குகள் பிரிந்து தெரிய காண்ட்ராஸ்டை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். வானம் வெளுத்துப் போய்த்தான் இருந்தது, அதனால் சட்டகத்தில் அதற்கு மேலே ஒரு விரற்கடை மட்டும் இடம் கொடுத்தேன். புல் பச்சையாகவே இருக்கிறது. ஒரு படத்தில் கீழே துணி துவைக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள், முகம் தெரியாத தூரத்தில். லைக் குறைவுதான்.

ஆறு பேருடைய ரா ஃபைல்களும் இன்னும் மெமரி கார்டில் இருக்கும், அழித்திருக்க மாட்டீர்கள். பிரீசெட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு எடுத்தவை, குறிப்பாக.